இடது பட்டன் விழித்திருந்த நாள்

ஒரு மெஷின் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்பதை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? கோகிலவாணி இன்றைக்குத்தான் பார்த்தாள். இந்தப் பட்டறையில் கால் வைத்த நாளிலிருந்து அவள்தான் மெஷினுக்காக ஓடிக்கொண்டிருந்தாள். மெஷின் அவளுக்காக ஒரு மூச்சு நேரம்கூட நின்றது கிடையாது. இன்றைக்கு என்னடாவென்றால் தகடு வெட்டுகிற, ஆளைவிட உயரமான அந்த பிரஸ், வாயைத் திறந்தபடி, நீ நிதானமாகக் கையை எடுத்துக்கொள் தாயே, எனக்கொன்றும் அவசரமில்லை என்கிற மாதிரி நின்றது. இடது கையால் தகட்டை உள்ளே தள்ளினாள். வலது கை பழக்கதோஷத்தில் போய்ப் பட்டனை அமுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அட கூறுகெட்டவளே, இடது பட்டனையும் அமுக்கோணுமில்ல. அமுக்கினாள். டங். மோட்டாருக்குள் போகிற வட்டத் தகடு ஒன்று வெட்டுப்பட்டு விழுந்தது. மறுபடியும் தகடு, மறுபடியும் வலது கை முந்திக்கொண்டது, மறுபடியும் மெஷின் சும்மா நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவள் மட்டுமா, வரிசை முழுக்க இதே கூத்துத்தான். டங்டங்டங்கென்று ஒரே மூச்சில் ஓடுகிற பட்டறை இன்றைக்கு டங்... டங்... என்று, விக்கல் எடுத்த ஆள் மாதிரி திக்கித் திக்கி ஓடியது. இரண்டு பட்டன், ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. இரண்டு கையும் சேர்ந்து அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் வெளியே பட்டன்மேல் இருந்தால் உள்ளே நசுங்குவதற்குக் கை ஏது? மெஷினைச் செய்தவன் பிள்ளைகுட்டிக்காரனாகத்தான் இருப்பான், யோசித்துச் செய்திருக்கிறான். ஆனால் இந்தப் பட்டறையில் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்னால் சூப்பர்வைசர் குழந்தைவேலு அண்ணன் சைக்கிள் டியூப் துண்டுகளோடு வருவார். இடது பட்டனை அமுக்கிப் பிடித்து, டியூபை இழுத்துச் சுற்றி ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு அது அமுங்கியது அமுங்கியபடியே கிடக்கும். வலது பட்டன் ஒன்றே போதும். இடது கை தகட்டைத் தள்ள, வலது கை அமுக்க, வேலை பறக்கும். இதற்குப் பட்டறையில் தூங்க வைப்பது என்று பெயர். "ஏனம்மணி, இடதுகாரன் தூங்கறானா?" என்று கேட்டுக்கொண்டே போவார், என்னமோ தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல. ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோதுகூட டியூபை அவிழ்க்கவில்லை, டியூபுக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தார். இன்றைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதால் விடியக்காலையிலேயே வந்து எல்லா டியூபையும் அவிழ்த்துச் சாக்கில் போட்டு எங்கேயோ கொண்டுபோய்விட்டார். இடதுகாரன் விழித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் வந்தும் விட்டார்; அதோ, வாசல் பக்கத்து முதல் மெஷினில் குனிந்து என்னவோ பார்க்கிறார், வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. கோகிலாவின் மெஷின் வரிசையில் கடைசி. அவர் இங்கே வந்து சேருவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

முடிவு என்ன பெரிய முடிவு, ஒரே ஒரு வார்த்தை. தெரியாது. நேற்றுச் சாயங்காலம் வேலை விட்டுக் கேட்டைத் தாண்டும் முன்னால் முதலாளி எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார், கோபமே இல்லாமல், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி: "யாரும் பொய் சொல்ல வேண்டாஞ் சாமி. நான் அப்பிடிக் கேக்கவே மாட்டேன். ருக்குமணி அவளாத்தான் டியூபக் கட்டிக்கிட்டா, கைய உட்டுப்போட்டா. இன்ஸ்பெக்டரு கேட்டா ஆமான்னு சொல்லுங்க. சொல்ல மனசில்லீன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. அது போதும்." தெரியாது. தகடு, வலது, இடது, டங். தெரியாது என்பது பொய்யா? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி டீச்சர் கேள்வி கேட்டுத் தெரியாது என்று சொன்னால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார். இவள் முக்கால்வாசி நேரம் பெஞ்சுமேல்தான் நின்றிருக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே முருங்கைமரம், அதில் அணில், நன்றாகத்தான் பொழுது போகும். அங்கே தெரியாது என்று சொன்னால் நிற்க வேண்டும், இங்கே தெரியாது என்று சொன்னால் உட்காரலாம், வேலை நிலைக்கும். வீட்டுக்காரர் பிரபுவும் ராத்திரி அதைத்தான் சொன்னார். பாப்பா தூங்கியிருந்தாள், மல்லாந்து படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "நமக்கெதுக்குப் புள்ள வம்பு. நீ ஒண்ணும் பொய் சொல்லலியே. தெரியாதுன்னுதானே சொல்ற." "தெரியுமே எனக்கு," என்றாள் இவள். "தெரிஞ்சா வாய மூடிக்க." "மூடிக்கிட்டா?" "வேலை நெலைக்கும்." "வாயத் தொறந்தா?" "வேலை போவும்." "போனாப் போவட்டும், கை இருக்குதுல்ல, வேற வேல பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொல்லும்போது ஜோராகத்தான் இருந்தது. இப்போதல்லவா யோசனை வருகிறது. வீட்டுப் பக்கத்தில் இதுபோல வேலை எங்கே கிடைக்கும், பாப்பாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு நடந்தே வந்துவிடலாம், சாயங்காலம் நடந்தே போய்க் கூட்டிக்கொள்ளலாம். பாப்பாவுக்கு இவள் கை வேண்டும், ஒரு விரலைப் பிடித்தால் போதாது அவளுக்கு, கட்டை விரலையும் சுண்டு விரலையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி தொங்கியபடிதான் நடப்பாள். ருக்குமணியக்காவுக்கு இடது கையில் இப்போது அந்த இரண்டு விரல்தான் இருக்கிறது. கட்டை விரலும் சுண்டு விரலும். சே, என்ன நினைப்பு இது. தகடு. வலது. இரு, இரு, இடது. டங்.

அக்காவுக்கு விரல் போன அன்றைக்கு இவள் மூன்று மெஷின் தள்ளி உட்கார்ந்திருந்தாள். சத்தம் ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. வழக்கம்போல டங் என்றுதான் கேட்டது, தகட்டை வெட்டுவதற்கு என்ன சத்தமோ அதே சத்தம். அப்புறம்தான் ருக்குமணியக்கா "அய்யோ" என்றுகூடச் சொல்லாமல் "கோகிலா" என்று கூப்பிட்டாள். எத்தனை பேர் இருக்கையில் ஏன் இவளைக் கூப்பிட்டாள்? மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் மாற்றிச் சாப்பிடுவதாலா, அக்காவின் பருப்புக்கு இவளுடைய கத்தரிக்காய்? உள்ளே தகடு கோணலாகிவிட்டது, அக்கா இடது கையால் நேராக்கினாள், அதற்குள் வலது கை அமுக்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இடதுகாரன் விழித்திருந்தால் இதோ இப்போது நிற்கிற மாதிரி மெஷின் சும்மா நின்றிருக்கும். சும்மா நின்றிருக்கும். இன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை தடவை தன் வலது கை முந்திக்கொண்டது என்று கோகிலா நினைத்துப் பார்த்தாள். அதில் எத்தனை தடவை இடது கை இன்னும் உள்ளேயே இருந்தது என்று நினைத்தாள், உடனே நினைப்பதை நிறுத்திக்கொண்டாள், நிற்குமா அது, உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது, சுடிதார் ஷாலில் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் தப்பியது சாமர்த்தியத்தால் என்று இருந்தோமே. சாமர்த்தியம் என்ன சாமர்த்தியம். ருக்குமணியக்காவுக்கு இல்லாத சாமர்த்தியமா, இவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்கப் போயிருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். "வா புள்ள. நல்ல நேரத்துக்கு வந்த, தலையச் சீவி உடு. உங்கண்ணன் சீவுனா காக்கா கூடு கட்டுனாப்பல இருக்குது." சீவிப் பின்னிவிட்டாள். நீளமான முடி, பின்னப் பின்ன வந்துகொண்டே இருந்தது. அக்கா பட்டறையைப் பற்றிப் பேசினாள், யார் லீவு, யார் மாசமாக இருக்கிறாள், டீக்காரர் இன்னும் சர்க்கரையே இல்லாமல்தான் போடுகிறாரா என்று எல்லாம் கேட்டாள். கடைசியாகத்தான், பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "நானாக் கட்டிக்கிட்டேன்னு சொல்றாங்களாமா," என்றாள். "சட்டத்துல அப்பிடி இருக்குதாம் புள்ள. பாதுகாப்புக்கு இருக்கறத நாமளே வேணும்னு கழட்டிப்போட்டா நமக்கு ஒண்ணும் கெடைக்காதாம். வக்கீலு சொன்னாரு." அவ்வளவுதான். நீ வந்து சொல்லு என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட இத்தனை பாரமாக இருந்திருக்காது. கேட்டால் முடியாது என்றாவது சொல்லலாம், கேட்காதவளிடம் என்னவென்று சொல்வது? அக்காவுக்குக் கை போன மறுநாளும் அதற்கடுத்த நாளும் பட்டறையில் யாருக்கும் டியூப் கட்டவில்லை. மூன்றாம் நாள் குழந்தைவேலு அண்ணன் சாக்கோடு வந்துவிட்டார். அக்காவின் மெஷினில் உட்கார யாரும் முன்வராமல் நின்றபோது இவள்தான் "நான் உக்காந்துக்கறேன்" என்றாள், ஏன் சொன்னாள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. ஆமாம், அது உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்கிற வார்த்தை அங்கேதான் செல்லும், இன்ஸ்பெக்டரிடம் செல்லாது.

இன்ஸ்பெக்டர் வரிசையின் நடுவுக்கு வந்துவிட்டார். முதலாளி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர், இளநீர் வெட்டட்டுமா சார் என்கிறார், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார், நீங்கள் ஆபீசில் இருங்கள், நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன் என்கிறார் போலிருக்கிறது, முதலாளி நாலு எட்டு பின்னால் போகிறார், ஆபீஸ் வாசலில் நின்றுகொள்கிறார், உள்ளே போகவில்லை. நடு மெஷினில் மேகலா. மேகலா நல்லவள், ஆனால் இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது, அவள் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொல்கிறாள், உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது, தெரியாது சார். பாவம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்தவளும் தெரியாது. அடுத்தவளும். இத்தனை பேருக்குத் தெரியாத ஒன்று இத்தனை நாளும் இத்தனை மெஷினிலும் எப்படித்தான் நடந்ததோ, பேய் வந்து கட்டியிருக்கும். கோகிலாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது, கூடவே காது சுட்டது. சைக்கிள் ஸ்டாண்டு சுவரில் உயரத்தில் ஒரு பலகை தொங்குகிறது, தமிழில்தான் எழுதியிருக்கிறது, பல்லிகள் மட்டும் படிக்கிற உயரம். எழுத்து என்று எதைக் கண்டாலும் படிக்கிற புத்தி இவளுக்கு, வடை மடித்த காகிதத்தைக்கூட விடமாட்டாள். வந்த புதிதில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கப் படித்தாள். ஓடுகிற இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது தடுப்பு அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். அப்போது அது யாருக்கோ எழுதினது என்று நினைத்தாள், பெரிய பெரிய மில்லுக்கு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு. பலகை தன் தலைக்கு மேலேதான் தொங்குகிறது என்று தோன்றவில்லை. சட்டம் என்றால் கோர்ட்டு, கறுப்புக் கோட்டு, வாய்தா என்றுதான் இருந்தாள். இன்றைக்குக் காலையில்தான் சட்டத்தைக் கண்ணால் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு, இவள் கை வெளியே வருகிற வரைக்கும் பொறுமையாக நிற்கிற இந்த மெஷின்தான் சட்டம். அதைத்தான் தினமும் காலையில் டியூபால் கட்டித் தூங்கப் போட்டிருக்கிறார்கள். கட்டியவர்? குழந்தைவேலு அண்ணன் பக்கத்து மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு. அவருக்கே வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். வேறொரு பட்டறையில், வாலிப வயதில் போனது. அந்தப் பாதி விரலால்தான் முடிச்சுப் போடுவார், பார்க்கவே என்னவோ செய்யும். "நானெல்லாம் பொழைக்கலியா அம்மணி," என்பார். பிழைத்தீர்கள் அண்ணா, நன்றாகப் பிழைத்தீர்கள், ஆனால் போன விரலைப் பார்த்துக் கோபம் வராமல் பழகிப்போய்ப் பிழைத்தீர்களே. "அம்மணி," அவர் இப்போது துணியை உதறியபடி, வாயைத் திறக்காமல் பேசினார், "கொழந்த மூஞ்சிய நெனச்சுக்க." "அதத்தானுங்ணா நெனச்சுட்டிருக்கேன் காலையிலிருந்து," என்றாள் கோகிலா. சத்தமாகத்தான் சொன்னாள். பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது, எந்நேரமும் சத்தத்துக்கு மேலேயே பேசிப் பேசி வீட்டிலும் கத்திக்கொண்டுதான் இருப்பாள், பிரபு சொல்வார், நீ ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று. குழந்தைவேலு அண்ணன் முகம் கறுத்துப் போனது. பயம்தான் அவருக்கும், டியூப் கட்டினது யார் என்று வந்தால் முதலாளி தன் பெயரைச் சொல்ல மாட்டார், இவர் தலையில்தான் கட்டுவார். ஐயோ பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. கட்டச் சொன்னவர் யார் என்று அதையும் சேர்த்துச் சொல்லலாம். சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அட, சொல்வதென்று எப்போது முடிவு செய்தாள்? அவளுக்கே தெரியவில்லை, தகடு, வலது, இடது, டங், அந்த டங்கோடு சேர்ந்து முடிவும் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

செருப்புச் சத்தம் நின்றது. கிட்டத்தில் பார்த்தால் இன்ஸ்பெக்டர் வயதானவர்தான், கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, சட்டைப் பையில் பேனா மை ஒழுகி ஒரு நீல வட்டம், அவர் வீட்டுக்காரம்மா இன்றைக்குத் திட்டுவார், எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடும் என்று சொல்லலாமா என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். பட்டறையில் ஒவ்வொரு மெஷினாக நின்றது, யாரும் நிறுத்தச் சொல்லாமலே. "இந்த மெஷின்லதானேம்மா அந்தம்மாவுக்குக் கை போச்சு?" "ஆமாங்க சார்." "அவங்களே ஒரு பட்டனைக் கட்டி வெச்சுக்கிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. இல்லேன்னா தெரியாதுங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" கோகிலாவுக்கு முருங்கைமரம் தெரிந்தது, அணில் தெரிந்தது, ஊஞ்சலாடுகிற பாப்பாவின் எண்ணெய் தேய்த்த உச்சந்தலை தெரிந்தது. "பொய்யுங்க சார். அக்கா கட்டுல. நாங்க யாருமே கட்டறதில்ல. சூப்பர்வைசரு வந்து தினமுங் காத்தால எல்லா மெஷினுக்கும் கட்டுவாரு. அவரும் அவராக் கட்டறதில்ல, மொதலாளி சொல்லித்தான். இன்னைக்கு நீங்க வரீங்கன்னு அவுத்துட்டாங்க. நாளைக்குக் கட்டிருவாங்க." ஆபீஸ் வாசலில் முதலாளி ஓர் அடி எடுத்து வைத்தார், அங்கேயே நின்றார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, இவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்: "பயப்படாதீங்கம்மா. சொன்னவங்க யாருன்னு நான் வெளியே சொல்லக் கூடாதுன்னே சட்டம் இருக்கு. உங்க பேரு இல்லாமலே எழுதிக்கறேன்." எத்தனை இதமான வார்த்தை. ஒரு நிமிஷம் அந்த நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. பேர் இல்லாமல். சொன்ன மாதிரியும் ஆயிற்று, வேலையும் ஒருவேளை நிலைக்கும், ஒருவேளைதான், எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது என்ன ரகசியம். "சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? பேரு இல்லாம எழுதுனா அக்காவுக்கு ஆகுங்களா?" அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கத் துணி இல்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். "மெஷினுக்கு ஆகும்மா. நோட்டீஸ் விடலாம், கேஸ் போடலாம். அந்தம்மாவோட கேஸ்ல... அங்கே யாரு சொன்னா, நேர்ல பாத்தது யாருன்னு கேப்பாங்க. ஆள் வேணும்." ஆள் வேணும். கோகிலா எழுந்து நின்றாள், ஏனோ உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி ஒரே ஒரு பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள், ஊரில் வேறு பெயரே இல்லாத மாதிரி. மெஷின் எதுவும் ஓடவில்லை, இருந்தாலும் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசுகிற மாதிரியே அவள் குரல் பட்டறைக் கூரைத் தகடு வரைக்கும் போனது: "கோகிலவாணிங்க சார். என்ற பேரப் போட்டே எழுதுங்க."